கொடுங்கை வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை விடாது பெய்த ஒரு விடியற்காலையில், நம் வலியசாலைத் தெருவில் ஒரு வீட்டின் முகப்பிலிருந்து ஆறடி நீளத்துக்குக் கொடுங்கை பெயர்ந்து விழுந்தது. மழை சற்று ஓய்ந்த வேளையில் வாசல் தெளித்துக் கோலமிட்டுவிட்டு அவ்வீட்டு மூதாட்டியார் உள்ளே சென்று கால் நாழிகையும் ஆகவில்லை. செங்கல்லும் காரையுமாக இரண்டு மூன்று ஆள் சுமை, கோலத்தின் மேல் கிடந்தது. ஒருவருக்கும் தீங்கு நேராதது அவர்கள் செய்த புண்ணியம் என்று தெருவார் பேசிக்கொண்டனர்.

வியப்பு என்னவெனில், முந்திய கோடையில்தான் அவ்வீட்டைப் புதுப்பித்திருந்தனர். கொடுங்கைக்குச் சிமெண்டு பூசி, வரிவரியாக வண்ணமும் தீட்டியிருந்தனர். இடிந்ததைச் செப்பனிட நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு முதிய கொத்தனார் வந்தார். அவர் கீழே கிடந்த குவியலை ஏறிட்டும் பாராமல் நேரே மொட்டைமாடிக்குச் சென்றார். சென்றவர் கேட்ட முதற் கேள்வி, "இங்கே இருந்த கைப்பிடிச் சுவர் எங்கே சாமி?" என்பதே. தகரக் கூரை போடும் வசதிக்காக அச்சுவரை முழுவதும் இடித்துவிட்டு இரும்புக் கம்பங்களை நட்டிருந்தனர். "அந்தச் சுவர்தான் சாமி இதைப் பிடிச்சிட்டு நின்னது" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிவிட்டார்.

அந்த ஒரு சொல் நம் சிந்தையைக் கிளறிற்று. நாள்தோறும் நம் தலைக்கு மேல் நிற்கும் ஓர் உறுப்பு, அது எதனால் நிற்கிறது என்பதை நாம் அறியோம். அது முதல் படித்தும் கேட்டும் நேரில் கண்டும் அறிந்தவற்றை ஆண்டு விழா மலரில் எழுதி வைப்பது பயன்தரும் என்று எண்ணினோம்.

சுவரின் முடியிலே, கூரை தொடங்கும் இடத்திலே, வெளிப்புறமாக வளைந்து இறங்கி நிற்பது கொடுங்கை. 'கொடு' என்பதற்கு வளைந்த என்பது பொருள். வில்லைக் கொடுமரம் என்றும், வளைந்த வாளைக் கொடுவாள் என்றும் முன்னோர் வழங்கினர். அவ்வாறே வளைந்து நீண்ட கை போன்றது கொடுங்கை. வடமொழிச் சிற்ப நூலார் இதனைக் கபோதம் என்பர். கபோதம் என்றால் புறா. புறாக்கள் வந்து தங்கும் இடமாதலின் இப்பெயர் வந்தது என்பாரும், புறாவின் உடல் வளைவை ஒத்திருத்தலின் வந்தது என்பாரும் உளர். நம் கொத்தர்களோ இவ்விரண்டையும் விடுத்து 'கார்னிஸ்' என்றே சொல்கின்றனர். அது இத்தாலிய மொழியில் தோன்றி ஆங்கிலத்தின் வழியே வந்த சொல். வளைவைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒன்றோடு அதற்கு உறவு உண்டு என்று சிலர் கூறுவது உண்மையாயின், கடல் கடந்த இரு நாட்டாரும் ஒரே வடிவைக் கண்டு ஒரே வகையாகப் பெயரிட்டனர் என்று கொள்ளலாம். அறையின் உள்ளே, சுவரும் மேல்தளமும் கூடும் இடத்தில் நாற்புறமும் ஓடும் அலங்கார வரியும் இன்று இதே பெயரைப் பெற்றிருக்கிறது. மழைக்காகப் பிறந்த உறுப்பு, மழையே வராத அறைக்குள் புகுந்து அணிகலனாகிவிட்டது!

அதன் பிறப்பு கூரை வீட்டிலே. மண்சுவருக்குப் பகை மழைநீர். கூரையைச் சுவருக்கு அப்பால் நீட்டி இறக்கினால்தான் நீர் சுவரில் படாமல் தள்ளி விழும். அவ்வாறு நீண்ட இறவாரமே கொடுங்கைக்குத் தாய். ஓலையும் மூங்கிலும் தம் எடையாலே நுனியில் சற்றுத் தொய்ந்து வளையும். அந்த வளைவைத்தான் பிற்காலச் சிற்பிகள் கல்லில் செதுக்கினர். கோயிற் சுவரின் தலைப்பகுதியைச் சிற்ப நூலார் பிரஸ்தரம் என்பர். அதில் உத்தரம், வாஜனம், பூதகணங்கள் வரிசையாக நிற்கும் வலபி, அதற்கு மேல் கபோதம், கபோதத்தின் மேல் யாளிவரி என முறைப்படி உறுப்புகள் அமையும். கபோதத்தின் முகத்தில் குதிரை லாடம் போன்ற வளைவுகள் இடையிட்டு நிற்கும். அவற்றைக் கூடு என்பர். அவையும் பழைய மரக்கூரையின் முகப்பு வளைவை நினைவூட்டுவனவே. மாமல்லபுரத்துக் கூடுகளுக்குள்ளிருந்து சிறு முகங்கள் நம்மை எட்டிப் பார்ப்பதைக் கண்டோர் மறவார்.

பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி இக்கோயிலை அமைத்ததாகப் பெருமிதத்துடன் கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அக்கோயில் பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவருக்கும் உரியது. மூவருக்கும் சந்நிதி கொண்ட நம் வலியசாலைக் கோயிலை வழிபடுவோர்க்கு இச்செய்தி உவகை தருவதாகும். மண்டகப்பட்டின் முகப்பு மிக எளியது. அதே மன்னன் தளவானூரில் குடைவித்த கோயிலிலோ கூடுகளோடு கூடிய கொடுங்கை முகப்பில் விளங்குகிறது. மாமல்லபுரத்து ஒற்றைக்கல் இரதங்களில் அது நிறைந்த வடிவம் பெற்றது.

எனினும் இவையெல்லாம் ஒரே பாறையில் வெட்டியவை. பாறையோடு பாறையாக இருப்பது விழுவதற்கு இடமில்லை. கல்லைத் துண்டு துண்டாகக் கொணர்ந்து அடுக்கிக் கட்டத் தொடங்கிய பின்னரே சிற்பியின் கவலை தொடங்கிற்று. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலையும் எடுப்பித்த இராஜசிம்மன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 700-ஐ ஒட்டி, அக்கவலைக்குத் தமிழ்நாட்டுத் தச்சர் விடை கண்டுவிட்டனர்.

அவ்விடை நம் வீட்டு ஏற்றத்திலும் தராசிலும் உள்ளதுதான். ஒரு நீண்ட பலகையைத் திண்ணை ஓரத்தில் வைத்து அதன் ஒரு நுனியைத் தெருப்பக்கம் நீட்டி, அந்நுனியில் சிறுவன் ஒருவனை நிறுத்தினால் பலகை கவிழும். உட்புற நுனியில் தகப்பனார் அமர்ந்துவிட்டால் அது அசையாது. கொடுங்கைக் கல்லும் அத்தகையதே. வெளியே நீளும் பகுதி மூக்கு. சுவருக்குள் புதையும் பகுதி வால். மூக்கைக் காட்டிலும் வால் கனமாக இருக்க வேண்டும். அதற்காகச் சிற்பிகள் மூக்கின் அடிப்புறத்தைக் குடைந்து எடையைக் குறைத்தனர். கீழிருந்து காண்போர்க்கு அக்குடைவு அழகாகத் தோன்றும். உண்மையில் அது எடைக் கணக்கு. அதோடு நில்லாமல் வாலின் மேல் தளக்கற்களை ஏற்றி, அவற்றின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகத் தளம் போட்டு அழுத்தினர். இந்தப் பாரம் ஏறும் வரை மூக்கின் கீழ் முட்டுக் கொடுத்திருப்பர். அவசரப்பட்டு முட்டை எடுப்பவன் கல்லையும் இழப்பான், காலையும் இழப்பான்.

விளிம்பிலும் ஒரு நுட்பம் உண்டு. நீர் கல்லின் முகத்தில் வழிந்து அடிப்புறமாகத் திரும்பி ஓடினால் சுவரை நனைத்துவிடும். அதனால் விளிம்பைக் கூர்மையாகக் கீழ்நோக்கி நிறுத்துவர். நீர் அவ்விடத்தில் திரும்ப மாட்டாமல் சொட்டி விழும். அக்கூர் மழுங்கும்படி சாந்தைத் தடித்துப் பூசி 'மெருகேற்றி'யிருக்கும் புதுப்பிப்புகளைக் காணும்போதெல்லாம் நாம் வருந்துவதுண்டு.

சோழர் காலத்தில் இக்கலை பேருருக் கொண்டது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் விமானத்தில், ஏறக்குறைய 50 அடி நிமிர்ந்து நிற்கும் நேர்ச்சுவரை இரண்டு நிலைகளாகப் பிரித்துக் காட்டுவது நாற்புறமும் ஓடும் ஒரு கனத்த கொடுங்கையே. அது இல்லையேல் அச்சுவர் கோட்டை மதில்போலத் தோன்றியிருக்கும். 1010-இல் அவ்விமானத்தை நிறைவு செய்த இராஜராஜனுக்கும் நம் தெருவுக்கும் ஒரு தொடர்பு கூறுவர். காந்தளூர்ச்சாலையில் கலம் அறுத்தவன் என்பது அவன் மெய்க்கீர்த்தியின் முதல் வெற்றி. அக்காந்தளூர்ச்சாலை நம் வலியசாலையே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதினர். விழிஞத்தின் அருகே தேடுவாரும் உளர். கலம் என்பது கப்பலா, உண்கலமா என்பதும் வழக்கில் உள்ள கேள்வி. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதற்கெனவே ஒரு நூல் எழுதினார். அச்சாலை எத்தகையது என்பதற்கு ஆய் மன்னன் கருநந்தடக்கனின் செப்பேடு சான்று. அவன் 866-இல் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர் தங்கிப் பயிலும் சாலையை நிறுவியபோது, காந்தளூரின் முறையையே அதற்கு அளவாக வைத்தான். சாலையின் கட்டடம் எவ்வாறு இருந்தது என்பதற்கு இன்று ஒரு கல்லும் சாட்சி சொல்லவில்லை. ஆதலின் அதை விடுத்து மேலே செல்வோம்.

விசயநகர, நாயக்கர் காலங்களில் கொடுங்கை இரட்டை வளைவு பெற்றது. முதலில் குழிந்து பின் குவிந்து, அலைபோல் இறங்கும் அவ்வடிவத்தின் அடிப்புறத்தில் கைமரங்களும் குறுக்குச் சட்டங்களும் கல்லிலே செதுக்கப்பட்டன. காஞ்சி வரதராசர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் கொடுங்கையின் மூலைகளிலிருந்து கற்சங்கிலிகள் தொங்குகின்றன. சங்கிலியை வியப்பார் பலர். சங்கிலி தொங்கும் மூலையை நோக்குவார் சிலர். கொடுங்கையில் மிகவும் இடர் தரும் இடம் அந்த மூலையே. இரு திசையிலிருந்து வரும் இரு வளைவுகள் அங்கே சந்திக்க வேண்டும். இரண்டு கற்களை மூலையிலேயே சாய்வாக வெட்டிப் பொருத்தினால் அவ்விணைப்பு நாளடைவில் வாய் திறக்கும். இரு புறமும் வெளியே நீள்வதால் மூக்கின் எடையும் மூலையிலேதான் மிகுதி. அதனால் தேர்ந்த சிற்பிகள் மூலைக்கென ஒரே கல்லைத் தேர்ந்து, இரு திசை வளைவையும் அதிலேயே செதுக்கி, இணைப்பை மூலையிலிருந்து தள்ளி வைத்தனர். அக்கல்லின் முகத்தில் கொடிக்கருக்கு வேலையை நிறைத்தனர்.

ஆவுடையார்கோயிலைச் சொல்லாமல் கொடுங்கையைப் பேச இயலாது. மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறையாகிய அவ்வூர் அறந்தாங்கியை அடுத்துள்ளது. அங்கே கருங்கல் மரமாகவே மாறிவிட்டது. சாய்ந்திறங்கும் கைமரங்கள், அவற்றின் மேல் சட்டங்கள், சட்டத்தைப் பிணைக்கும் ஆணிகளின் கொண்டைகள் யாவும் கல். சில இடங்களில் கல் பலகைபோல மெலிந்திருக்கிறது. முற்காலத்தில் கோயிற்பணிக்கு உடன்படிக்கை எழுதும் சிற்பிகள், ஆவுடையார்கோயில் கொடுங்கையையும் தாரமங்கலத்துத் தூணையும் ஒத்தவை நீங்கலாக மற்றெதுவும் செய்து தருவோம் என்று விலக்குக் கூறுவர் என்பது வழிவழிச் செய்தி. இது கல்தானா என்று ஐயுற்ற ஒரு வெள்ளைக்காரத் துரை துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தான் என்றும், துளை விழுந்த பின்னரே நம்பினான் என்றும் அங்கே கதை சொல்வார்கள். கதை மெய்யோ பொய்யோ, கல்லை ஐயுறும் கண் மெய்.

கல்லிலே ஆணி எதற்கு? கல்லுக்கு ஆணி வேண்டுவதில்லை. ஆயின் அவ்வடிவைத் தந்த மரக்கூரைக்கு ஆணி இருந்தது. சிற்பி அதை மறக்கவில்லை. கிரேக்கரும் இதையே செய்தனர். ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினன் கோயில் கி.மு. 447-இல் தொடங்கிப் பளிங்கால் கட்டப்பட்டது. அதன் கொடுங்கையின் அடிப்புறத்தில் சிறு பலகைகளும், பலகையில் மர ஆணி போன்ற குமிழ்களும் வரிசையாக உள்ளன. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், இவை பழைய மரக் கைமரங்களின் நினைவு என்று எழுதி வைத்தார். அறந்தாங்கிப் பக்கத்துச் சிற்பி அவரைப் படித்தவர் அல்லர்.

இனி நாம் குடியேறி வாழும் இம்மலைநாட்டுக்கு வருவோம். ஆனி ஆடியில் ஒரு மழையும் ஐப்பசி கார்த்திகையில் மற்றொரு மழையும் பெறும் திருவனந்தபுரத்தில், கூரை நீளாத சுவர் நில்லாது. இங்கே மரம் மலிவு. ஆதலின் கல் வளைய வேண்டிய தேவையும் எழவில்லை. கைமரத்தை இந்நாட்டார் கழுக்கோல் என்பர். கழுக்கோல்களை ஆணியால் மட்டும் நிறுத்தாமல், ஒவ்வொன்றிலும் துளையிட்டு 'வளை' என்னும் நீண்ட சட்டத்தை அத்துளைகள் வழியே ஊடுருவச் செலுத்துவர். மாலையில் நூல் போல அது எல்லாவற்றையும் கோத்துப் பிடிக்கும். ஒரு கழுக்கோல் தளர்ந்தாலும் மற்றவை அதைத் தாங்கும். இறவாரத்தின் அழகை வெளியே நின்று காண்போர்க்கு இந்த வளை எளிதில் புலப்படாது.

கல்குளத்தை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையில் இம்மரவேலையின் மேன்மையைக் காணலாம். அதன் பூமுகத்து மேல்தளத்தில் 90 வகைப் பூக்களைச் செதுக்கியிருக்கின்றனர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அவ்வூர் தமிழ்நாட்டோடு இணைந்த பின்னும் அரண்மனை கேரள அரசின் பொறுப்பிலேயே இருந்து வருகிறது. நகரத்தின் உள்ளேயே வேண்டுவோர், சுவாதித் திருநாள் மகாராஜா கட்டுவித்த குதிரைமாளிகையைச் சென்று காண்க. அங்கே இறவாரத்தின் கீழ் 122 மரக்குதிரைகள் வரிசையாகத் தலைநீட்டி நிற்கின்றன. நவராத்திரி தோறும் பத்மநாபபுரத்துச் சரசுவதியம்மனும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாக நகருக்கு எழுந்தருள்கின்றனர். அவ்வழியே தெற்கிலிருந்து கொத்தரும் தச்சரும் சிற்பியரும் வந்திருக்கின்றனர். சுசீந்திரத்தை அடுத்த மயிலாடி இன்றும் கற்சிற்பிகளின் ஊர். அரசர் காலத்தில் திவான் ராஜா கேசவதாஸ் சாலைக் கடைத்தெருவை வளர்த்தபோது வணிகர் வந்தனர். நம் முன்னோர் அக்கிரகாரங்களில் அமர்ந்தனர். வந்தவரின் வீட்டைக் கட்டியவரும் வந்தவரே. ஆனால் அவர்கள் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

பெயர் எழுதி வைக்கப்பட்ட ஒருவரைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். திருநெல்வேலிச் சீமையில் தருவை என்னும் ஊரில் 1860-இல் பிறந்து, இளமையிலேயே திருவனந்தபுரம் வந்து சேர்ந்தவர் மகாமகோபாத்தியாயர் த. கணபதி சாஸ்திரியார். பாசனின் நாடகங்களைக் கண்டெடுத்து உலகுக்கு அளித்தவர் என்று அவரைப் பலரும் அறிவர். திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல் வரிசையில் அவர் சிற்ப நூல்களையும் பதிப்பித்தார் என்பதை அறிந்தோர் குறைவு. மனையமைப்பைக் கூறும் 'மனுஷ்யாலய சந்திரிகை'யை 1917-இலும், 'மயமத'த்தை 1919-இலும், 'சிற்பரத்தின'த்தின் முதற் பகுதியை 1922-இலும் அவர் வெளியிட்டார். அதுவரை ஓலையில் கிடந்த மயமதம் அச்சேறியது இந்நகரத்தில். அச்சேற்றியவர் நம்மைப் போலத் தெற்கேயிருந்து வந்து குடியேறியவர்.

மயமதத்தின் 16-ஆம் அத்தியாயம் பிரஸ்தரத்தைப் பற்றியது. கபோதம் அங்கேதான் பேசப்படுகிறது. அடுத்த 17-ஆம் அத்தியாயம் முழுதும் இணைப்புகளைப் பற்றியது. இவ்வரிசை நமக்கு மிகவும் பொருள் பொதிந்ததாகத் தோன்றுகிறது. கொடுங்கையின் அளவும் அழகும் சொன்ன ஆசிரியர், கையோடு கையாக, ஒன்றை ஒன்றோடு எவ்வாறு பூட்டுவது என்று சொல்லத் தொடங்குகிறார். அவர் கூறும் இணைப்புகளின் பெயர்களும் சுவையானவை. ஆட்டுக்கடாக்கள் மோதுவது போலத் தலையும் தலையும் கூடும் இணைப்புக்கு மேஷயுத்தம் என்று பெயர். பன்றியின் மூக்குப் போல் ஒன்றினுள் ஒன்று புகுவது சூகரக்ராணம். பட்டறையில் வியர்வை சிந்தியவன் இட்ட பெயர்கள் இவை என்பது கேட்ட மாத்திரத்தில் விளங்கும்.

நம் தெருவில் விழுந்தது கல்லும் அன்று, மரமும் அன்று, செங்கற் கொடுங்கை. அதன் முறையையும் கொத்தனாரிடம் கேட்டு அறிந்தோம். சுவரின் தலையில் செங்கல்லை வரிக்கு வரி சிறிது சிறிதாக முன்தள்ளி அடுக்குவர். ஒரு வரிக்குக் கால் செங்கல்லுக்கு மேல் தள்ளுதல் ஆகாது. முக்கால் பங்கு பின்வரியின் மேல் படிந்திருக்க வேண்டும். மேல்வரியின் பின்பாதியில்தான் கைப்பிடிச் சுவர் எழும். அந்தச் சுவர் மாடியில் குழந்தைகள் விழாதிருக்க மட்டும் கட்டியதன்று. கீழுள்ள வரிகளை அழுத்திப் பிடிப்பதும் அதுவே. கைப்பிடிச் சுவரை எடுத்துவிட்டு, மூக்கின் மேல் ஓர் அங்குலக் கனத்துக்குச் சிமெண்டும் ஏற்றினால் தராசு எப்பக்கம் சாயும்?

பூச்சு வேலையில் பழையோர் காட்டிய பொறுமை நம்மை நாணச் செய்யும். இந்நாட்டில் வேம்பநாட்டுக் காயலின் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு கிடைத்தது. அதனை மணலோடு அரைத்து, கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துப் பதப்படுத்துவர். முதலில் கரடான சாந்தைத் தடித்து அப்பி, அது இறுகிய பின் மெல்லிய சாந்தை ஏற்றுவர். கொடுங்கையின் வடிவத்தை இரும்புத் தகட்டில் வெட்டி ஒரு பலகையில் அறைந்து, சுவரில் கட்டிய சட்டத்தின் மேல் அதை ஒரே சீராக இழுத்துக்கொண்டு போவர். பத்துப் பதினைந்து முறை இழுத்த பின்னரே வரிகள் கூர்மையாகத் தெளியும். மூலையில் அந்த அச்சு திரும்பாது. அங்கே கரணையும் கண்ணும் தவிர வேறு கருவி இல்லை. ஒரு கொத்தனாரின் தரத்தை அறிய வேண்டுமாயின் மூலையைப் பார்த்தாலே போதும் என்பது அத்தொழிலில் வழங்கும் பேச்சு. செட்டிநாட்டார் இறுதிப் பூச்சுக்கு முட்டை வெண்கருவும் சேர்த்துத் தேய்த்துப் பளிங்குபோல் ஆக்கினர்.

சுண்ணாம்பு காற்றை உண்டு மெல்ல இறுகும். ஈரத்தை உள்ளே விட்டாலும் வெளியே விட்டுவிடும். சிமெண்டு விரைந்து இறுகும். தன் பின்னே ஈரத்தைச் சிறைப்படுத்தும். பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் அதைப் பூசினால் இரண்டும் ஒட்டி வாழ்வதில்லை. உள்ளே இரும்புக் கட்டு இருந்தால் அது துருவேறிப் பன்மடங்கு பருத்துக் கல்லையே பிளக்கும். சிமெண்டு தீயது என்பது நம் கருத்தன்று. புதுக் கட்டடத்துக்கு அது ஏற்றது; சுண்ணாம்பு வீட்டுக்கு அது சம்பந்தி ஆகாது.

அறைக்குள் அலங்கார வரி வைக்கும் வழக்கம் இப்போது நம் வீடுகளிலும் பரவி வருவதால் அதைப் பற்றியும் இரண்டொரு சொல். பாரிஸ் சாந்தில் வார்த்த வரி மலிவானது. பாரிஸ் நகரின் மோன்மார்த்ரு குன்றில் வெட்டிய சிலாசத்துக் கல்லைச் சுட்டுச் செய்தமையால் அப்பெயர் பெற்றது. நீர் பட்டால் அது இளகும். ஒழுகும் மேல்தளத்தின் கீழே அதை ஒட்டுவது, ஒழுகலை மறைப்பதற்கு உதவுமேயன்றி நிறுத்துவதற்கு உதவாது. மரத்தில் வைப்போர் அம்மரத்தைச் சில நாட்கள் அதே அறையில் கிடத்தி, அறையின் ஈரத்துக்குப் பழகவிட்ட பின்னரே அறைதல் வேண்டும். நூலடித்து மட்டம் பார்க்காமல் மேல்தளத்தை நம்பி வேலை தொடங்கினால், தளத்தின் கோணலெல்லாம் வரியில் வந்து சிரிக்கும். நம் பழைய வீடுகளில் எந்த இரு சுவரும் மூலைமட்டத்துக்கு அடங்குவதில்லை. ஆகவே உட்மூலையில் இரண்டு சட்டங்களையும் சரிபாதிச் சாய்வாக வெட்டிச் சேர்த்தால் இடைவெளி விழும். ஒரு சட்டத்தைச் சுவர் வரை நேராக ஓட்டி, மற்றதன் முனையை முதற் சட்டத்தின் வளைவுக்கு ஏற்பக் குடைந்து அதன் மேல் பொருத்துவதே தச்சரின் முறை. சுவர் சற்றுக் கோணினாலும் அந்த இணைப்பு வாய் திறவாது. நீளவாட்டில் இரண்டு துண்டுகள் சேருமிடத்தில் நேர்வெட்டு வேண்டாம். சாய்வெட்டாக ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டும். ஆணி பூச்சில் நில்லாது. தட்டிப் பார்த்து, பூச்சுக்குப் பின்னுள்ள உத்தரத்தையோ சுவரில் புதைத்த மரக்கட்டையையோ கண்டு, அதிலே இறங்க வேண்டும். மயமதத்தின் 17-ஆம் அத்தியாயம் இத்தனையும் ஒருவாறு அறிந்ததே.

நம் அக்கிரகாரத்தில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக மாறி வருகின்றன. இடம் போதாமையும் பிள்ளைகளின் தேவையும் உண்மையானவை. மாற்றுவோரை நாம் குறைகூறவில்லை. ஆயினும் பழைய முகப்பை வைத்துக்கொண்டு மாடியை மட்டும் மாற்றுவோர், கைப்பிடிச் சுவரையோ தளத்தையோ தொடுமுன், அதன் கீழே எது எதைப் பிடித்து நிற்கிறது என்று தேர்ந்த கொத்தர் ஒருவரை ஒருமுறை ஏறிப் பார்க்கச் சொல்லுதல் வேண்டும். அதற்கு அரை நாட் கூலிதான். அக்கிரகாரத்து வீடுகள் பொதுச்சுவர் கொண்டவை. ஒரு வீட்டின் பாரத்தை எடுத்தால் அடுத்த வீடும் அறியும்.

விழுந்த வீட்டின் செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். மழை ஓயும் வரை கொத்தனார் வேலையைத் தொடவில்லை. கார்த்திகை கழிந்து மார்கழி பிறந்ததும் தகரக் கூரையின் கம்பங்களை உள்ளே தள்ளி நடச் செய்தார். எஞ்சி நின்ற சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்தார். செங்கல் வரிகளை அடுக்கி, வரிசையாக மூங்கில் முட்டுக் கொடுத்தார். வீட்டுக்காரர் அழகான முகப்பை எதிர்பார்த்து நிற்க, அவரோ முதலில் மாடியில் கைப்பிடிச் சுவரை எழுப்பினார். அது இறுகிய பிறகே கொடுங்கைக்கு அச்சு இழுத்தார். தை பிறக்கும் வரை முட்டை எடுக்கலாகாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த மார்கழி முழுவதும் அவ்வீட்டு மூதாட்டியார் மூங்கில் கால்களைச் சுற்றி வளைத்தே கோலமிட்டார். ஒன்பது கால்களுக்கும் இடமளித்து, ஒவ்வொரு நாளும் வேறு வேறு கோலம்.